லைனில் நின்ற காத்து

அன்புள்ள மகனே,

இதனால் ஊர் உலகத்துக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத உனக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இன்று காலை நம் முக்கு பேக்கரிக்காரர் என்னைப் பார்த்து, "என்னங்க வேணும்?" என்று கேட்டார். அந்த 'ங்க'வைக் கவனி. நேற்று வரைக்கும் "என்றா வேணும்?" என்று கேட்ட அதே வாய். எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய் மட்டும் நின்றது. நாய்க்கு யாரும் 'ங்க' போட மாட்டார்கள், நம் ஊரிலும்கூட. ஆக அது எனக்கு வந்த மரியாதைதான். தேங்காய் பன் ஒன்றை வாங்கிக்கொண்டு, கையை வீசாமல், பெரிய மனிதர்கள் நடப்பதுபோல நடந்து வீடு வந்து சேர்ந்தேன். மரியாதை வந்துவிட்டது. அடுத்து மீசை வரும், வேலை வரும், கல்யாணம் வரும், அப்புறம் நீ வருவாய். எனக்கு இப்போது பதினேழு வயது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும். அப்போது நான் வழுக்கையும் தொப்பையுமாக உட்கார்ந்து உனக்குப் புத்தி சொல்வேன், நீ கேட்க மாட்டாய். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். உனக்கு இன்னும் பெயரில்லை, முகவரியில்லை, அதனால் உறையில்லை. உறையில்லாததால் ஒட்டவில்லை. இதைத்தான் திறந்த மடல் என்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நாளைக்குக் கோயமுத்தூர் போகிறேன். பாலிடெக்னிக், ஹாஸ்டல். அம்மா காலையிலிருந்து என் பெட்டியில் பருப்புப் பொடியை எங்கே வைத்தால் துணியில் கொட்டாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊரைவிட்டுப் போகிறவன் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் இல்லையா? எனக்குச் சொத்து கிடையாது. ஒரு பழைய சைக்கிளும் ஒரு பெருமையும்தான் உண்டு. சைக்கிளை அம்மா எடைக்குப் போட்டுவிடுவாள். பெருமையை உனக்கு எழுதி வைக்கிறேன். உன் அப்பன் தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் போகிற வழியிலுள்ள ஒரு பனியன் கம்பெனியில், ஊரே பயந்த காத்தைத் தன் கையால் வெளியே எடுத்தவன். யார் கேட்டாலும் மார் தட்டிச் சொல். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பாரு, அதாவது என் அப்பா, குழாய் வேலைக்காரர். வீட்டுக் குழாய் இல்லை. பெரிய கம்பெனிகளில் ஏசிக்குத் தண்ணீர் ஓடும் குழாய். மொட்டைமாடியில் ஒரு இயந்திரம் தண்ணீரைக் குளிர வைக்கும். பம்பு அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே ஹாலுக்குத் தள்ளும். கூரைக்கடியில் தொங்கும் பெட்டிகளுக்குள் அது நுழையும். பெட்டியிலிருக்கும் ஃபேன் அதன்மேல் ஊத, கீழே இருப்பவர்களுக்குச் சில்லென்று வீசும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் மறுபடி மாடிக்குப் போகும். குறைகிற தண்ணீரை நிரப்ப அங்கே ஒரு தொட்டியும் உண்டு. சுற்றுவதைத் தவிர அந்தத் தண்ணீருக்கு வேறு வேலை இல்லை, என் சித்தப்பாவைப்போல. அப்படிச் சுற்றுகிற தண்ணீருக்கு எதிரி இரண்டு. ஒன்று காற்று. அது எப்போதும் மேலே போய், குழாயின் உயரமான வளைவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் போக விடாது. இன்னொன்று குப்பை. வெல்டிங் துணுக்கு, துரு, நூல் என்று எது உள்ளே போனாலும் பம்புக்கு முன்னாலுள்ள வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். குப்பைக்கு வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். காற்றுக்கு உயரத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். சாவி போட்டுத் திருப்பினால் உஸ்ஸ் என்று போகும், கொஞ்ச நேரம் துப்பும், அப்புறம் வெறும் தண்ணீராக வரும். மூடிவிட வேண்டியதுதான். இவ்வளவுதான் விஷயம். இதை இவ்வளவு நேராக நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் உனக்குக் கடிதம் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட் வராத காலம். வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வருகிறது என்று அப்பா என்னையும் அந்தக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்திரை வெயில். புது ஹாலில் ஏசி ஓடத் தொடங்கியிருந்தது. எல்லாப் பெட்டியும் குளிர்ந்தது, கடைசிப் பெட்டி மட்டும் இல்லை. அது செக்கிங் மேசைகளுக்கு நேர் மேலே இருந்தது. தைத்து வந்த பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பதுதான் செக்கிங். குளிர வேண்டிய பெட்டி குளிராமல், ளக், கொளக், ளக் என்று எதையோ மென்று விழுங்குவதுபோலச் சத்தம் போட்டது. செக்கிங்கில் சரசா அக்கா என்று ஒருவர். பக்கத்து ஊர்க்காரர், வாயில் எப்போதும் ஒரு நூல் துண்டு இருக்கும். அவர்தான் முதலில் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, மேல ஆரோ பேசற மாதிரியே கேக்குதுங்களே, என்னதுங்க அது?"

அப்பா ஏணியில் நின்றபடியே, "காத்துங்கம்மா. காத்து மேலதான போகும், லைன்ல ஒசரத்துல போயி நின்னுக்குச்சு. எடுக்கோணும்," என்று சொல்லிவிட்டு இறங்கி, சாமான் எடுக்க மாடிக்குப் போய்விட்டார். சரசா அக்காவின் வாயிலிருந்து நூல் கீழே விழுந்தது. மகனே, அந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை வாயை மூடிக்கொண்டு அப்பா பின்னால் போயிருப்பான்.

"ஏங்கண்ணு, காத்துங்கறாரு?"

"ஆமாங்க்கா." முகத்தை எழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டேன். "ரொம்ப நாளா உள்ளயே அடைஞ்சு கெடக்குதுங்க. வெளிய போறதுக்கு வழி தெரியல, பாவம்."

"ஐயோ சாமி! ஆம்பளக் காத்தா, பொம்பளக் காத்தா?"

"அது தொறந்து பாத்தாத்தானுங்க தெரியும்."

எழுதும்போது காற்று, பேசும்போது காத்து. தமிழ் ஐயா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தபடி அழுத்தமாக றகரம் போட்டு 'காற்று' என்று சொல்லியிருந்தால் அது சைக்கிள் டியூபில் இருக்கும் சமாச்சாரம். யாரும் பயந்திருக்க மாட்டார்கள். 'காத்து' என்றால் அப்படி இல்லை. காத்து அடிக்கும், காத்து பிடிக்கும், கோயிலில் வைத்துக் காத்தை ஓட்டுவார்கள். அப்பா சொன்னது முதல் காத்து. சரசா அக்கா கேட்டது இரண்டாவது காத்து. இரண்டுக்கும் நடுவே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது நான். நீ என் பிள்ளையாக இருந்தால் உனக்கும் வாய் சும்மா இருக்காது. அதனால் சொல்கிறேன். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு ஜோக் அடிப்பதற்கு முன்னால், கேட்கிறவர்கள் வீட்டில் யார் செத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள். முடியாது என்றால் சிரித்துக்கொண்டே அடி. ஜோக் கெட்டுப்போகும், பரவாயில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் காத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பேச்சி. கோயில்பட்டிப் பக்கத்திலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தார்கள். அக்கா முத்துலட்சுமி, தங்கை பேச்சியம்மாள். போன மழைக்காலத்தில் பேச்சிக்குக் காய்ச்சல் வந்து, ஊருக்கு அனுப்பினார்கள். ஊரிலிருந்து ஒரு நாள் அவள் கம்பெனி நம்பருக்கு ஃபோன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கண்டெய்னர் வாசலில் நிற்கிறது, சரக்கு ஏற வேண்டும். சூப்பர்வைசர், "இப்ப முடியாதும்மா, அப்புறமாக் கூப்புடு," என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் வேறு ஃபோன் வந்தது. பேர் பேச்சி, பேசாமலே போய்விட்டாள். இதை நான் வேண்டுமென்று இப்படி எழுதவில்லை. எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. எனக்கு எல்லாம் இப்படித்தான் வருகிறது, நிறுத்தத் தெரியவில்லை. இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் அந்த ஜோக்கை அடித்திருக்க மாட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். ஆனால் அன்றைக்கு இருந்தவனை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பான்.

அப்பாவுக்கு அப்போது பல்லடத்தில் இன்னொரு வேலை இழுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே போய்விட்டார். மாடியில் நட்டு முடுக்குகிற சில்லறை வேலைக்கு என்னை விட்டுவிட்டுப் போனார். அந்த இடைவெளியில் செக்கிங் பெண்கள் மாரியம்மன் கோயிலிலிருந்து மந்திரித்த எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். பெட்டிக்கு மேலே வைக்க எட்டவில்லை. "காத்து இருக்கறது தண்ணிக்குள்ளீங்க. மாடில தொட்டி இருக்குது, அதுல போட்டா லைன் பூராப் போகுமுங்க," என்று வழி காட்டியது யாரென்று நினைக்கிறாய்? டீ நேரத்தில் ஒவ்வொருவராக மாடிக்கு வந்தார்கள். வேப்பிலை, திருநீறு, கருப்புக் கயிறு. நான் தொட்டி மூடியைத் திறந்து பூசாரி மாதிரி நின்றேன். அத்தனையும் குழாய்க்குள் இறங்கி வடிகட்டியில் போய்ச் சேர்ந்தது. வடிகட்டி அடைத்தால் பம்புக்குத் தண்ணீர் பற்றாது. பற்றாத பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆக, காத்தை விரட்டப் போட்டதெல்லாம் காற்றைக் கூட்டியது. சத்தம் பலமானது. சத்தம் பலமாக ஆக, வேப்பிலையும் கூடியது. என்ன அழகான வட்டம்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன், மாடியில், தனியாக.

முத்துலட்சுமி அக்கா மட்டும் பயப்படவில்லை. எல்லோரும் அந்த மேசையை விட்டு ஒதுங்கியபோது அவள் தன் முக்காலியைப் பெட்டிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரம், ஹாலில் யாருமில்லை, மிஷின்கள் ஓடவில்லை. ஸ்பேனர் எடுக்க உள்ளே போனேன். தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் மேலே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நீதான காத்து இருக்குன்னு சொன்னது?"

"அது... சும்மா சொன்னதுங்க்கா."

"சும்மா இல்ல. அவதான். 'எக்கா'ன்னு கூப்பிடுதா. அது நல்லா வெளங்குது. பொறவு என்னமோ சொல்லுதா, அதுதான் பிடிபடமாட்டேங்கு."

"அக்கா, சத்தியமா அது ஏர்ங்க்கா. சைக்கிள் டியூப்ல அடிக்கறமே, அந்தக் காத்து. பேய் பிசாசெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நான் வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைச் சின்னப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் எங்க தம்பி பேயின்னு சொன்னேன்? நீ சொல்லுத காத்துதான் நானும் சொல்லுதேன். மனுசன் மூச்சு என்னது? காத்துதான? அவ கடைசியா விட்டது எங்க போயிருக்கும்? காத்து மேலதான் போவும், மேல போயி ஒசரத்துல நின்னுக்கிடும்னு ஒங்க அப்பாதான் சொன்னாரு. இந்தா, மேலதான் நிக்கு."

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்து விளையாடியவன் நான். அவள் ஒரே அர்த்தம்தான் என்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி மறுபடி விழுங்கியது. ளக், கொளக். அதற்கு நடுவில், மகனே, நானும் கேட்டேன். எக்கா.

"எடுத்துராதீய தம்பி," என்றாள். "அவ ஒரு சொல்லு சொல்ல வந்தா. அத முடிச்சுக்கிடட்டும். கேட்டுட்டம்னா நானே எடுக்கச் சொல்லிருதேன்."

அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் நிம்மதி இல்லை. பல்லடம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் பக்கத்து ரேடியேட்டர் கூப்பிட்டது. சொம்பில் தண்ணீர் குடித்தால் தொண்டைக்குள் கூப்பிட்டது. நம் தெருக் குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் என்பது உனக்குத் தெரியாது, உன் காலத்திலாவது தினமும் வரட்டும். வருவதற்கு முன்னால் குழாய் உஸ்ஸ் என்று மூச்சு விடும். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடிவரும். நான் அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்குள் ஓடினேன். அம்மா, "எரும, குடத்த எடுத்துட்டு வாடான்னா உள்ள ஓடறான் பாரு!" என்று கத்தினாள். என்ன சொல்வது? குழாய் யாரையோ கூப்பிடுகிறது என்றா? ஊருக்குக் காத்தைக் காட்டிக் கொடுத்தவனுக்கே காத்து பிடித்துவிட்டது என்று சரசா அக்காவுக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் ஒரு கருப்புக் கயிறு கட்டியிருப்பார். கட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

வெயில் ஏறியது. கடைசிப் பெட்டி மட்டும் மக்கராக இருந்தது போய், தண்ணீர் ஓட்டம் குறைந்து எல்லாப் பெட்டியும் மக்கர் செய்தது. ஜன்னலே இல்லாத ஹால் அது, அடுப்பு மாதிரி ஆனது. அயர்ன் மேசையில் நின்ற பெண் ஒருத்தி மயங்கி விழுந்து, பக்கத்து மேசையில் தலை இடித்து ரத்தம் வந்தது. முதலாளி அப்பாவை வரச் சொன்னார். "ஏனுங்க, திங்கக்கெழம வெளிநாட்டுக்காரங்க ஹாலைப் பாக்க வர்றாங்க. அவுங்களுக்கோசரம் கூடச் சொல்லல, எம்பட புள்ளைக மயங்கி உழுகுதுங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க." நம் ஊரில் வேலையைவிட்டு நிறுத்துவதற்கும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அது இன்னும் பயமாக இருக்கும்.

அப்பா இரண்டு பக்க வால்வையும் அடைத்துவிட்டு வடிகட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த சல்லடையை வெளியே இழுத்தபோது செத்த பெருச்சாளி மாதிரி ஒன்று வந்தது. பஞ்சு, துரு, நூல், வேப்பிலை, எலுமிச்சைத் தோல், கருப்புக் கயிறு எல்லாம் சேர்ந்து நாறியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவன்டா என் லைனுக்குள்ள கோயில் கட்டுனவன்?" என்றார். என்னை உட்காரவைத்து ஒவ்வொரு கண்ணாகச் சுத்தம் செய்யச் சொன்னார். வேப்பங்குச்சியால் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, இலைகளுக்கு அடியில் வெள்ளையாக, ஊறிப் பருத்து, சில பருப்புகள் கிடைத்தன. நிலக்கடலை. கூடவே ஒரு ஈரமான தாள், அதில் ஏதோ மிட்டாய்க் கடையின் சிவப்பு மை. கோயில்பட்டியிலிருந்து வருகிறவர்கள் கடலை மிட்டாய் கொண்டுவராமல் இருக்க மாட்டார்கள். நான் மூடியைத் திறந்து பூசாரி வேலை பார்த்தபோது அவள் வரவில்லை. நான் இல்லாத நேரத்தில் தனியாக வந்திருக்கிறாள். எல்லோரும் விரட்டுவதற்குப் போட்டார்கள். அவள் ஊட்டுவதற்குப் போட்டிருக்கிறாள்.

"இதாரு போட்டது?" என்றார் அப்பா. அந்தப் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று கன்னத்தைக்கூடக் கொஞ்சம் தயாராக வைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காத்துன்னு சொன்னது நானு. அதுக்கு ஆளப் புடிச்சுக் குடுத்தது நீயி," என்றார். அப்புறம், "ஞாயித்துக்கெழம எடுக்கறோம்னு அந்தப் புள்ளைகிட்டப் போயிச் சொல்லிப்போடு. அதுக்குத் தெரியாம எடுத்தா, அது மறுநாளும் வந்து மேல பாத்துட்டு உக்கோந்திருக்கும்." சொல்லிவிட்டு மாடிச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். என் ஜோக்குக்கு அவரிடமிருந்து கிடைத்த தண்டனை அவ்வளவுதான். பத்து அறை கொடுத்திருக்கலாம்.

ஹாஸ்டல் கேட்டில் நின்று அவளிடம் சொன்னேன். குப்பையைக் கழுவிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை காற்றையும் எடுக்கிறோம், இல்லாவிட்டால் இன்னொரு பெண் விழுவாள், அப்பாவுக்கு வேலை போகும். இத்தனையும் ஒரே மூச்சில். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துச் சில வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

"எடுத்தா அது எங்க தம்பி போவும்?"

"வெளியங்க்கா."

"வெளியன்னா எங்க?"

மகனே, இதுவரை யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு நேரான பதில் இருந்தது. "ஹாலுக்குள்ளதாங்க்கா. வால்வு அங்கதான இருக்குது? நீங்க உக்கார்ற எடத்துக்கு நேர் மேல."

"அப்பம் என் மேலதான் படும்," என்றாள். "நானும் வாரேன்."

இனிமேல் வருவதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. பேக்கரியில், பள்ளிக்கூடத்து நண்பர்களிடம், பாலிடெக்னிக்கில் சேரப் போன இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈரோட்டுப் பையனிடம், எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. காலி ஹால். அப்பா மாடியில் பம்பிடம். நான் வாயில் சாவியைக் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினேன். "எல்லாரும் தள்ளி நில்லுங்க!" ஒரே திருப்பு. உஸ்ஸ்ஸ். காத்து போச்சு. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கேஸ்?" என்றேன். ஈரோட்டுப் பையன் அசந்துபோய்விட்டான். என்னை ஹாஸ்டலில் அவன் அறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறான், பேய் வந்தால் துணைக்கு.

இந்த இடத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல தகப்பன் நிறுத்தியிருப்பான். ஆனால் இந்தக் காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறது, நாளை ராத்திரி ஈரோட்டுப் பையனுக்குப் பேய்த் துணையாகப் படுக்க வேண்டியதும் இருக்கிறது.

ஏறினேன், அது உண்மை. மாடியில் பம்பு ஓடத் தொடங்கியதும் அப்பா என் மொபைலுக்கு மிஸ்டு கால் கொடுப்பார், கொடுத்ததும் திறக்க வேண்டும் என்று பேச்சு. மிஸ்டு கால் வந்தது. சாவியை வால்வில் வைத்தேன். என் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் குழாய். அது, எக்கா, என்றது. கை வேலை செய்யவில்லை. கீழே முத்துலட்சுமி அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, என்னால முடியலீங்க்கா," என்றேன். அழவில்லை. கண்ணில் வேர்வை விழுந்திருந்தது.

"எறங்கு தம்பி. எந்தப் பக்கம் திருவணும்?"

"எடதுபக்கமுங்க. மெதுவா."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏணியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாவியைத் திருப்பினாள். அது மூச்சு விடத் தொடங்கியது, நீளமாக, நிற்காமல். அவள் அதில் காதை வைப்பாள் என்று நினைத்தேன். அதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்? அவள் வாயை வைத்தாள். வால்வுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ஃபோனில் பேசுகிறவர்கள் அடுத்தவர் காதில் விழாமல் பேசுவதுபோல, பேச ஆரம்பித்தாள். அது போய்க்கொண்டே இருந்தது, அவளும் பேசிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் தலையில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் முகமெல்லாம் துருத் தண்ணீர். அதன் பிறகும் வெகு நேரம் திறந்தே வைத்திருந்துவிட்டுத்தான் மூடினாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து குளிர்ந்து வீசியது.

"என்னங்க்கா சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். "எங்க தம்பி அவளப் பேச விட்டேன்? நாந்தான் பேசிட்டே இருந்தேன். எப்பவும் அப்படித்தான், அவ பாவம்."

சனிக்கிழமை வரைக்கும் எந்த முக்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தாளோ, அதை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

அவள் என்ன பேசினாள் என்று நீ கேட்பாய். உன் இடத்தில் நான் இருந்தால் கேட்டிருப்பேன். தெரியாது மகனே. அது மூச்சு விடத் தொடங்கியதுமே நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் எடுத்தேன். வாயை வைத்தாள், பேசினாள் என்பதெல்லாம் அவள் சொன்னதை வைத்து நானாக எழுதிக்கொண்டது. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கையும் காதில் இருந்தால் ஏணியை எதனால் பிடிப்பது? யாரும் பிடிக்கவில்லை. அது சும்மா சுவரில் சாய்ந்து நின்றது. அவள் தானாகவேதான் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பன்